டிசம்பர் பரணில் பேட்டரிச் சூடு

மினசோட்டா மாநிலத்தில், நன்றி நவிலும் நாளை அடுத்து வரும் சனிக்கிழமை மஸில்லோடர் பருவம் தொடங்குகிறது. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டு ஒரே ஒரு முறை சுடக்கூடிய துப்பாக்கிகளுக்கு மட்டுமே உரிய இந்த மான் வேட்டைக் காலம் 16 நாள்கள் நீடிக்கும். நவம்பர் தொடக்கத்துப் பெரிய துப்பாக்கிப் பருவத்தின் கூட்டம் அதற்குள் வீடு திரும்பிவிடும். இணை தேடி அலைந்து களைத்த ஆண் மான்கள் மீண்டும் மேய்ச்சலை நாடத் தொடங்கியிருக்கும். படிந்த பனியில் தடங்கள் தெளிவாகத் தெரியும். எனக்கு ஆண்டிலேயே மிகவும் பிடித்த வேட்டைக் காலம் இதுதான். ஆனால் பெமிட்ஜி, காஸ் லேக் ஊர்களை ஒட்டிய சிப்பெவா தேசியக் காட்டில் இந்த நாள்களின் விடியற்காலை −10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது வழக்கம். −20 டிகிரியைத் தொடும் நாள்களும் உண்டு. அந்தக் குளிரில், மரத்தின் மேல் கட்டிய சிறு பரணில், மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்தவர்களுக்கு மான் வேட்டை என்ற சொல்லே உறுத்தலாக இருக்கும் என்பதை அறிவேன். இங்கே வெள்ளைவால் மான்களின் தொகையை மாநில இயற்கை வளத்துறை பகுதி பகுதியாகக் கணித்து, அதற்கேற்ப அனுமதிச் சீட்டு வழங்குகிறது. வேட்டையும் அந்த மேலாண்மையின் ஒரு பகுதி. அந்த விவாதத்தை இங்கே நீட்டாமல், இந்தப் பதிவில் குளிரையும் அதற்காக இன்று பலர் வாங்கி அணியும் பேட்டரிச் சூட்டு உடைகளையும் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன்.

இவ்வுடைகளைச் சொகுசுப் பொருளாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. குளிரில் நடுங்குகிறவன் அசைகிறான். அசைகிறவனை மான் கண்டுகொள்கிறது. அதைவிட முக்கியமானது, நடுங்குகிறவனின் குறி தவறுகிறது. மானை உடனே வீழ்த்தாமல் காயப்படுத்தி ஓடவிடுவதை விடப் பெரிய குற்றம் வேட்டைக்காரனுக்கு வேறில்லை என்றே நான் கருதுகிறேன். மஸில்லோடரில் இரண்டாவது குண்டு உடனே கிடையாது என்பதால், அந்த ஒரே குண்டு விடுபடும் கணத்தில் கை நிதானமாக இருந்தாக வேண்டும். பேட்டரிச் சூடு எனக்கு அந்த நிதானத்துக்கான கருவி. அதைக் குளிரிலிருந்து உயிர் காக்கும் கவசமாக நம்புவதுதான் ஆபத்து.

உடல் குளிரை எதிர்கொள்ளும் விதத்தை ஓரளவு புரிந்துகொண்டால் இந்த வேறுபாடு விளங்கும். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒரு வயது வந்தவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. முழங்கால் பனியில், முதுகில் மூட்டையும் தோளில் துப்பாக்கியுமாக நடக்கும்போது அது நான்கைந்து மடங்காக உயரும். பரணுக்குப் போகும் வழியில் வியர்ப்பவர் பரணில் ஏறிய அரை மணி நேரத்தில் விறைத்துப்போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான். உட்கார்ந்தவுடன் உலை அணைந்துவிடுகிறது. வியர்வை நனைத்த உள்ளாடையோ உடம்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மைய உடல் வெப்பம் 37 டிகிரியிலிருந்து நழுவத் தொடங்குவதற்கு முன்பே, மூளை தன் சேமிப்பைக் காக்க முனைந்து, கைகால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரல்கள் மரப்பது அதனால்தான். மைய வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசர நிலை. ஆனால் வேட்டை அதற்கு வெகுநேரம் முன்பே, விரல்கள் உணர்விழந்த நிமிடத்திலேயே கெட்டுவிடுகிறது.

ஆகவே விரல் குளிர்ந்தால் விரலைச் சூடாக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பே என்றாலும், முதலில் கவனிக்க வேண்டிய இடம் மார்பும் முதுகும்தான். டொராண்டோவிலுள்ள கனடியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 1990களின் பிற்பகுதியில் இதைச் சோதித்தார்கள். −15 டிகிரிக் குளிரில் மூன்று மணி நேரம், உடம்பின் நடுப்பகுதியை மின்சாரத்தால் சூடாக்கிக் கைகளை வெறுமையாக விட்ட நிலையையும், நடுப்பகுதியைச் சூடாக்காமல் கைகளுக்குத் தடித்த ஆர்க்டிக் கையுறை அணிவித்த நிலையையும் ஒப்பிட்டார்கள். வெறுங்கைகளில்தான் விரல் வெப்பமும் இரத்த ஓட்டமும் கூடுதலாக இருந்தன. மையத்தில் வெப்பம் மிஞ்சும்போது உடல் அதை விரல்களுக்குத் தாராளமாக அனுப்புகிறது. ஆய்வகத்தில் பயன்பட்ட சூட்டுடை நாம் கடையில் வாங்கும் எதையும் விட வலுவானது என்பதால் அந்த அளவு பலனை ஒரு கடைச் சட்டையிடம் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் திசை அதுவே. ஒரே ஒரு சூட்டுடை வாங்கப் பணம் இருந்தால், கையுறையையும் காலுறையையும் விட்டுவிட்டுக் கையில்லாத வெஸ்ட் ஒன்றை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்த வெஸ்ட்டை எந்த அடுக்கில் அணிவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் அனுபவத்தில், தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன் மேல் வெஸ்ட், அதன் மேல் காற்றைத் தடுத்து வெப்பத்தைச் சிறைப்படுத்தும் தடித்த மேற்கோட்டு என்ற வரிசைதான் பயன் தருகிறது. சூடேற்றும் கார்பன் இழைத் தகடுகளுக்கு வெளிப்புறம் போதிய காப்பு இல்லாவிட்டால் பேட்டரியில் பாதி காட்டைச் சூடாக்கவே செலவாகும். சூட்டுத் தகடுகள் பதித்த மேற்கோட்டை எல்லாவற்றுக்கும் வெளியே அணிபவர்கள் நடப்பதற்கும் வேலை செய்வதற்கும் அதை வைத்துக்கொள்ளலாம். அசையாமல் உட்காருவதற்கு அது உகந்ததல்ல. பருத்தி எந்த அடுக்கிலும் கூடாது. வியர்வையைப் பிடித்துக்கொள்ளும் பருத்தியை எந்த பேட்டரியாலும் ஈடுகட்ட முடியாது.

பேட்டரிக் கணக்கை ஒவ்வொருவரும் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'பத்து மணி நேரம்' என்பது பெரும்பாலும் மிகக் குறைந்த சூட்டு நிலையில், அறை வெப்பநிலையில் கிடைக்கும் எண். வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்: 7.4 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 37 வாட்-மணி. குறைந்த நிலையில் வெஸ்ட் 5 அல்லது 6 வாட் எடுத்தால் ஆறு, ஏழு மணி நேரம் வரும். உச்ச நிலையில் 15 வாட்டுக்கு மேல் எடுத்தால் இரண்டு மணி நேரத்தோடு முடிந்துவிடும். யுஎஸ்பி வழியாக இயங்கும் உடைகளுக்குப் பவர் பேங்க் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதை 5 வோல்ட்டாக உயர்த்தும்போது எண்ணும் சுருங்கும், கொஞ்சம் வீணும் ஆகும். கைக்குக் கிடைப்பது ஆறாயிரத்துச் சொச்சம்தான். இந்த எல்லாக் கணக்கின் மேலும் குளிர் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். லித்தியம்-அயான் செல்லுக்குள் இருக்கும் திரவம் குளிரில் மந்தமாவதால், −20 டிகிரியில் உறைந்துபோன பேட்டரி தன் திறனில் கால் பங்கையோ அதற்கும் மேலோ தர மறுக்கும்.

இதற்கு மருந்து எளியது: பேட்டரி குளிரவே கூடாது. இரவில் குடிசைக்குள் வைத்திருந்து, காலையில் உள்பையில் உடம்போடு ஒட்டி எடுத்துச் செல்கிறேன். மாற்று பேட்டரியும் முதுகு மூட்டையில் அல்ல, கால்சட்டையின் உள்பையில்தான் இருக்கும். துப்பாக்கிக்கு நேர்மாறான விதி. அதைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் குழலுக்குள் ஈரம் வேர்த்து மருந்து நனையும். ஆகவே அது பூட்டிய வண்டியிலோ வெளிக் கொட்டகையிலோ குளிரிலேயே இரவைக் கழிக்க வேண்டும். பேட்டரி அடுப்பருகேயும் துப்பாக்கி வெளியேயும் என்பதை எங்கள் வேட்டைக் குடிசையில் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவோம். உறைநிலைக்குக் கீழே இருக்கும் லித்தியம்-அயான் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. அந்தக் குளிரில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேல் உலோகமாகவே படிந்து, செல்லை நிரந்தரமாகக் கெடுப்பதோடு உள்ளேயே மின் குறுக்குச்சுற்றுக்கும் (ஷார்ட் சர்க்யூட்) தீக்கும் வழி செய்யும். வண்டியில் விட்டுவைத்த பேட்டரியை எடுத்துவந்தவுடன் சார்ஜரில் செருகாமல், அறைவெப்பத்துக்கு வரும்வரை பொறுத்திருப்பது அவசியம்.

வெஸ்ட்டை எப்போது இயக்குவது? குளிர் தாங்காமல் போனபின் உச்ச நிலைக்குத் தள்ளுகிறவர்களே அதிகம். இரத்தக் குழாய்கள் ஏற்கெனவே சுருங்கிவிட்ட உடலைத் திரும்பச் சூடேற்ற நெடுநேரம் பிடிக்கும்; அதற்குள் பேட்டரி பாதி கரைந்திருக்கும். நடந்த வெம்மை அடங்கியதும், குளிர் இன்னும் உறைக்காத நிலையிலேயே, மிகக் குறைந்த நிலையில் இயக்கி அப்படியே விட்டுவிடுவதுதான் பலன் தருகிறது. ஐந்து வாட் என்பது உடலின் 100 வாட்டுக்கு முன்னால் அற்பமாகத் தோன்றும். ஆனால் ஆடையின் காப்பு நன்றாக இருக்கும்போது உடல் இழப்பதற்கும் உண்டாக்குவதற்கும் இடையிலான பற்றாக்குறையும் சிறியதே. அந்தச் சிறு பற்றாக்குறையை நிரப்பத்தான் இந்த ஐந்து வாட். காப்பு மோசமாக இருந்தால் ஐம்பது வாட்டும் போதாது. எனவே பேட்டரியே இல்லை என்று வைத்துக்கொண்டு உடுத்த வேண்டும். உடுத்திய பிறகுதான் பேட்டரியைச் சேர்க்க வேண்டும். காட்டுக்குள் மூன்று மைல் தள்ளி ஒரு கம்பி அறுந்தாலும், நடந்து வண்டிக்குத் திரும்பும் அளவுக்கு உடைகளின் கம்பளியும் காற்றுத் தடுப்பும் தாமாகவே போதுமானவையாக இருக்க வேண்டும்.

கம்பி அறுவது கற்பனைக் கவலையல்ல. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களின் திறந்த பக்கச் சாளரங்களில் நின்ற அமெரிக்கத் துப்பாக்கி வீரர்கள், 7,500 மீட்டருக்கு மேல், −40 டிகிரிக் குளிரில், விமானத்தின் மின்சாரத்தில் சூடேறும் உடைகளை அணிந்தார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் செய்த எஃப்-1 என்ற நீல நிற உடையில் சூட்டுக் கம்பிகள் தொடர் இணைப்பில் இருந்தன. எங்காவது ஓரிடத்தில் கம்பி அறுந்தால் உடை முழுவதும் அணைந்துபோகும். அதனால் உறைகாயம் பட்டவர்கள் பலர். பின்னால் வந்த உடைகளில் இணைப்பைப் பக்க இணைப்பாக மாற்றினார்கள். இன்றைய வெஸ்ட்டுகளில் முதுகுத் தகடு கெட்டாலும் மார்புத் தகடு வேலை செய்வது அந்தப் பாடத்தின் பயன். தரையில் வேட்டையாடுபவர்களுக்கு இந்த வசதி கிட்ட நெடுங்காலம் ஆயிற்று. 1960, 70களில் தடித்த டி-அளவு பேட்டரிகளைக் காலில் கட்டிக்கொள்ளும் மின்காலுறைகள் வந்தன. இந்த மாநிலத்தின் பழைய வேட்டைக்காரர்களின் பைகளிலோ மினியாபோலிஸில் செய்யப்பட்ட ஜான்-ஈ என்ற, எரிபொருளால் கனலும் உலோகக் கைச்சூட்டி இருக்கும். நல்ல சூடு தரும்; எரிபொருள் நாற்றமும் வரும். மானின் மூக்குக்கு முன்னால் அது பெரிய விலை. 1991இல் லித்தியம்-அயான் பேட்டரி வணிகத்துக்கு வந்து, எடை குறைந்து, விலையும் இறங்கிய பிறகுதான் இன்றைய உடைகள் சாத்தியமாயின.

மணத்தைப் பொறுத்தவரை மின்சூட்டுக்கு நிகர் இல்லை. எரிவதும் இல்லை, புகைவதும் இல்லை. ஆனால் அதன் ஒளி காட்டிக்கொடுத்துவிடும். இவ்வுடைகளில் பெரும்பாலானவற்றில் மார்பில் ஒரு பொத்தான் விளக்கோடு இருக்கும்; பல வகைகளில் உச்ச நிலைக்குச் சிவப்பும் நடு நிலைக்கு வெள்ளையும் குறைந்த நிலைக்கு நீலமும் எரியும். 1990களில் ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வில், வெள்ளைவால் மானின் கண்ணில் பகல் பார்வைக்கு இரண்டே வகைக் கூம்புச் செல்கள் இருப்பதும், அவற்றுள் ஒன்று 450 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளிக்கும், மற்றொன்று 537 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளிக்கும் கூர்மையாக இருப்பதும் தெரியவந்தது. ஆரஞ்சும் சிவப்பும் மானுக்கு மங்கலாகவே தெரியும். சட்டப்படி நாம் தலையிலும் மேலுடம்பிலும் பளீர் ஆரஞ்சு அணிந்துகொண்டும் மானிடமிருந்து தப்புவது அதனால்தான். நாம் பெரும்பாலும் பயன்படுத்த வேண்டிய குறைந்த சூட்டு நிலையின் நீல விளக்கோ, விடியலின் அரை இருளில் அதன் கண்ணுக்கு மிகத் தெளிவாகத் தெரியும் நிறம். வெஸ்ட்டை உள்ளே அணிந்து மேற்கோட்டால் மூடினால் இந்தத் தொல்லை தானாகத் தீரும். வெளியே தெரியும் பொத்தானென்றால் கறுப்பு நாடாவை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள். துவைக்கும்போதும் துணியைப் பளபளப்பாக்கும் வேதிப்பொருள் கலந்த சோப்புத் தூளைத் தவிர்க்க வேண்டும். அந்தப் பளபளப்பு புற ஊதா ஒளியை நீலமாக மாற்றித் துணியை மினுங்கச் செய்யும். மானுக்கு அது நன்றாகவே தெரியும்.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மஸில்லோடரில் எல்லாம் விரல் நுனியில்தான் இருக்கிறது. பரணில் ஏறும்போது துப்பாக்கியைக் கையில் எடுத்துச் செல்லக் கூடாது. வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான ப்ரைமரைக் கழற்றி, துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கீழே விட்டு, மேலே போய்ப் பாதுகாப்பு வாரை மரத்தோடு இணைத்த பிறகு கயிற்றை இழுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ப்ரைமரை இருட்டில் எடுத்து அதன் குழியில் பொருத்த வேண்டும். சுட்டு முடித்து மறுபடி நிரப்ப நேர்ந்தால் மருந்து, குண்டு, இடிகோல், ப்ரைமர் என்று இதே விரல்வேலை இன்னும் நீளும். பேட்டரி வைத்த தடித்த கையுறையோடு இவை எதையும் செய்ய முடியாது. துப்பாக்கி விசையைச் சுற்றியுள்ள காப்பு வளையத்துக்குள் அந்தத் தடித்த கையுறை விரல் நுழைவதே பாதுகாப்பற்றது. அதற்குப் பதிலாக நான் பயன்படுத்துவது மஃப் என்று இங்கே சொல்லும், இடுப்பில் வாரால் கட்டிக்கொள்ளும், இருபுறமும் திறந்த உருளைப் பை. அதன் உள்ளே ஒரு சூட்டுத் தகடு உண்டு. மெல்லிய கம்பளிக் கையுறையோடு கைகளை அதற்குள் வைத்திருந்தால், மான் தோன்றும்போது ஓசையின்றிக் கையை உருவித் துப்பாக்கியைத் தூக்கலாம். இரும்புத் தூள் காற்றோடு சேர்ந்து துருப்பிடித்துச் சூடு தரும் மலிவான பொட்டலங்கள் இரண்டை அதே மஃப்புக்குள் போட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கைகளுக்குப் பேட்டரி கட்டாயமில்லை.

கால்களுக்கு அந்தப் பொட்டலம் சரிவராது. இறுக்கமான பூட்ஸுக்குள் காற்றோட்டம் இல்லாததால் இரும்புத் தூள் அரைகுறையாகவே வினைபுரியும். அங்கே பேட்டரிக் காலுறையோ சூடேறும் உள்ளடியோ உதவும், ஆனால் அவற்றின் தடிமனைக் கணக்கில் கொள்ளாமல் பழைய பூட்ஸிலேயே அழுத்தி நுழைத்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் வேகமாகக் குளிரும். ஒரு அளவு பெரிய பூட்ஸ், கழற்றிக் காயவைக்கக்கூடிய கம்பளி அடக்கம், பரணின் உலோகத் தளத்தின் மேல் ஒரு துண்டுத் தடித்த பாய் — இவை மூன்றையும் செய்த பிறகும் கால் குளிர்ந்தால் மட்டும் சூட்டுக் காலுறைக்குப் பணம் செலவிடலாம்.

பாதுகாப்பு வாரும் சூட்டுடையும் ஒன்றோடொன்று மோதும் இடங்களைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை. பரணிலிருந்து விழுவது இங்கே வேட்டைக்காரர்கள் காயமடைவதற்கான பெரிய காரணங்களுள் ஒன்று. தரையை விட்டுக் கால் எடுத்தது முதல் திரும்பத் தரை தொடும்வரை முழு உடல் வார் மரத்தோடு இணைந்திருக்க வேண்டும். ஆகவே பரணில் ஏறிய பிறகு வாரைக் கழற்றிக் கோட்டு மாட்டலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. மெல்லிய அடுக்குகளோடு மெதுவாக நடந்து வந்து, மரத்தடியில் சில நிமிடம் நின்று வெம்மை ஆறவிட்டு, மூட்டையிலிருந்து வெஸ்ட்டையும் கோட்டையும் எடுத்து உடுத்தி, அவற்றின் மேல் வாரை இறுக்கி, பிறகே ஏற வேண்டும். வாரின் மார்புப் பட்டை வெஸ்ட்டின் பொத்தானைத் தொடர்ந்து அழுத்தாமலும், தொடைப் பட்டை பேட்டரிப் பையின் மேல் வராமலும், கம்பி எங்கும் மடிந்து நசுங்காமலும் இருக்கிறதா என்று வெளிச்சத்திலேயே வீட்டில் ஒருமுறை உடுத்திப் பார்த்துவிடுவது நல்லது. தோள் பட்டை சூட்டுத் தகட்டைத் தோலோடு அழுத்தும் இடத்தில் சூடு தேங்கும் என்பதும் அப்போது தெரியும்.

தேங்கும் சூட்டை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொதிநீர்தான் சுடும் என்பதில்லை. 44 டிகிரிச் சூடு ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் தோலைத் தொட்டுக்கொண்டிருந்தாலே தீக்காயம் உண்டாகும் என்பது 1940களிலேயே ஆய்வில் நிறுவப்பட்டது. நல்ல உணர்வுள்ளவருக்கு வலி முன்கூட்டியே எச்சரிக்கும். நம்மவர்களில் சர்க்கரை நோய் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நரம்புகள் பாதிக்கப்பட்டுப் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டுக் காலுறையை மருத்துவரைக் கேட்காமல் அணியவே கூடாது. காயம் பட்டது மாலையில் பூட்ஸைக் கழற்றும்போதுதான் தெரியும். சர்க்கரை நோயாளியின் பாதத்தில் சிறு காயமும் பெரிய துன்பமாகும். மாறாக, குளிரில் விரல்கள் வெளுத்து மரக்கும் ரேனோ நோய் உள்ளவர்களுக்கு மார்பை மிதமாகச் சூடாக்கும் வெஸ்ட் உண்மையான உதவி. எங்கள் குடிசைக்கு வரும் நண்பர் ஒருவர் டிசம்பர் வேட்டையையே விட்டுவிட எண்ணியிருந்தார். இப்போது எங்களோடு விடியலில் புறப்படுகிறார் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

பராமரிப்பு எளியது. பேட்டரியைக் கழற்றி, செருகியின் வாயை மூடி, வலைப்பையில் இட்டு மெதுவாகத் துவைத்து, முறுக்கிப் பிழியாமல் கொடியில் உலர்த்தினால் போதும். பருவம் முடிந்ததும் பேட்டரியை முழுவதும் நிரப்பியோ முழுவதும் வடித்தோ வைக்காமல் ஏறத்தாழப் பாதி அளவில் குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைக்கவும். உப்பிய பேட்டரியை மறுபேச்சின்றி உரிய சேகரிப்பு மையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து விமானத்தில் வருபவர்கள் மாற்று பேட்டரிகளைக் கையோடு கொண்டுவரும் பையில் வைக்க வேண்டும். 100 வாட்-மணிக்கு உட்பட்டவற்றுக்குத் தனி அனுமதி தேவையில்லை, இவ்வுடைகளின் பேட்டரிகள் பெரும்பாலும் அதற்குள்தான் அடங்கும்.

புதிதாக வாங்கியதை நேரே காட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். பருவத்துக்கு முன் குளிர் கூடிய ஒரு மாலையில், வேட்டைக்கு உடுத்தும் எல்லா அடுக்குகளோடும் வாரோடும் வீட்டுப் பின்கட்டில் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். முதல் ஒரு மணி நேரம் பேட்டரியை இயக்கவே கூடாது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்க முடியாவிட்டால் மாற்ற வேண்டியது கம்பளியையும் கோட்டையும்தான். அதன்பின் குறைந்த நிலையில் இயக்கி, பேட்டரி தானாக அணையும்வரை நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் தொடக்கத்தில் இங்கே பகல் எட்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம்; சூரியன் எழுவதற்கு அரை மணி முன்பும் விழுந்து அரை மணி பின்பும் சட்டம் அனுமதிப்பதால் வேட்டை நேரம் ஒன்பதரை மணியைச் சற்றுத் தாண்டும். நீங்கள் குறித்த நேரத்தை அதோடு ஒப்பிட்டால் எத்தனை மாற்று பேட்டரி வேண்டும் என்பதும், காலையில் இயக்குவதா அல்லது மான்கள் நடமாடும் மாலைக்கென்று சேமிப்பதா என்பதும் தெளிவாகும். எழுந்திருக்கும் முன் கடைசியாக, பயன்படுத்திக் கழித்த வெற்று ப்ரைமர் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, மெல்லிய கையுறையோடு, பார்க்காமல் இரண்டு விரல்களுக்கிடையே திருப்பிப் பாருங்கள். அது நழுவாமல் நின்றால் உங்கள் ஏற்பாடு டிசம்பருக்குத் தயார்.